அந்த வீடு எந்தப் பட்டியலில் இருந்தது?

சனிக்கிழமை ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அன்றிலிருந்து டைம்லைன் முழுக்க அதே படம்தான். பொக்லைன் வாளி, பாதி பெயர்ந்த மச்சு, அந்தரத்தில் தொங்கும் தேக்குச் சட்டம், மேலே உடைந்த இதயம். எந்தத் தெரு, எந்த வீடு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. படத்தைப் பகிர்ந்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. லட்சம் பேர் பின்தொடரும் நண்பர் ஒருவர் அதன் கீழே எழுதிய வரிதான் உறுத்துகிறது: "பாரம்பரியம், பாரம்பரியம்னு பேசுற கூட்டமெல்லாம் இப்ப எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை ஐயா. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வீடு எந்தப் பட்டியலில் இருந்தது?

பாரம்பரியக் கட்டடங்களுக்கான, சட்ட வலு உள்ள பட்டியல் எதிலும் இல்லை. அதனால் இடிக்க அனுமதி கேட்டார்கள், கிடைத்தது, இடித்தார்கள். சட்டப்படி இதில் யாரும் தப்பு செய்யவில்லை. பட்டியலில் இல்லாத வீடு சட்டத்தின் கண்ணில் வெறும் செங்கல், சுண்ணாம்பு, சர்வே எண். பொக்லைன் வந்த பிறகு போடும் ஹாஷ்டாக் எதுவும் அதை மாற்றாது.

"இன்டாக் பட்டியல்ல இருந்துச்சே!" என்று நேற்று பத்துப் பேராவது எழுதியிருந்தீர்கள். இருந்திருக்கலாம். இன்டாக் 1984இல் தொடங்கிய, பாரம்பரியத்தைப் பேணும் தன்னார்வ அமைப்பு. அவர்களுடைய பட்டியல் நல்ல ஆவணம், ஆனால் அதற்குச் சட்ட வலு கிடையாது. இடிப்பு அனுமதியில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சட்ட வலு உள்ள வாசல்கள் மூன்று. முதலாவது மத்தியத் தொல்லியல் துறை, 1958ஆம் ஆண்டுச் சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ளவற்றுக்கு மட்டுமே. தெரு வீட்டுக்காக அங்கே மனு போடுவது தபால் செலவு. இரண்டாவது மாநிலத் தொல்லியல் துறை, 1966ஆம் ஆண்டுச் சட்டம். கோட்டை, குடைவரை, பழைய கோயில் இவற்றின் கூட்டத்தில் ஒரு குடியிருப்பு வீடு இடம்பிடிப்பது அபூர்வம். மூன்றாவதுதான் நமக்கானது. சென்னை என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு. மற்ற ஊர்களுக்கு 2012ஆம் ஆண்டு மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம்.

அந்த 2012 சட்டத்தைப் பற்றிச் சிரிக்காமல் எழுதுவது கஷ்டம். சட்டமன்றத்தில் நிறைவேறியது 2012. நடைமுறைக்கு வந்தது 2024. நடுவில் இடிந்த வீடுகளை யார் கணக்கில் எழுதுவது? அதே 2012இல்தான் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் உ.வே.சாமிநாதையரின் 'தியாகராச விலாச'த்தில் கடப்பாரை விழுந்தது. எந்தச் சுவடி எந்த ஊரில் யாரிடம் கிடைத்தது என்று முகவுரையில் ஒன்று விடாமல் எழுதிவைத்த மனிதர் அவர். அவர் குடியிருந்த வீட்டைக் காக்க ஒரு அரசாணை இருக்கவில்லை. அன்றைக்கும் கட்டுரை வந்தது, கண்டனம் வந்தது, "அரசே வாங்கி நினைவில்லம் ஆக்கு" என்ற கோரிக்கை வந்தது. வீடு போயிற்று. அப்போதும் கேட்டார்கள், கூட்டம் எங்கே என்று.

சரி, போராட்டம் எதையுமே நிறுத்தவில்லையா? அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இடிபடாமல் நின்றது. நிறுத்தியது வழக்கு. 2006இல் இடிப்பு தொடங்க, இன்டாக் உயர்நீதிமன்றம் போனது. 2010இல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கில் கைகொடுத்ததும் ஒரு பட்டியல்தான். விளம்பரப் பலகை வழக்கு ஒன்றுக்காக நீதிபதி பத்மநாபன் குழு, எந்தெந்தக் கட்டடத்தின் முகப்பைப் பலகை மறைக்கக் கூடாது என்று நானூறுக்கும் மேற்பட்ட பெயர்களைத் தொகுத்திருந்தது. பலகைக்காகப் போட்ட பட்டியல் ஒரு கட்டடத்தையே நிறுத்திவைத்தது. நின்றதே தவிர, பிறகும் பல ஆண்டுகள் சிதிலமாகத்தான் கிடந்தது என்பது வேறு கதை, வேறு எரிச்சல்.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன். பட்டியல். இடிக்கும் முன். ஆண்டுகளுக்கு முன்.

"எப்படி ஏத்துறது, அதைச் சொல்லு" என்கிறவர்களுக்கு. முதலில் ஒரு தகவல் அறியும் உரிமை மனு, 10 ரூபாய்க் கட்டணத்தோடு: இன்ன சர்வே எண்ணில் உள்ள கட்டடம் அறிவிக்கப்பட்ட பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா, எந்தத் தரத்தில், அறிவிக்கையின் நகல் தருக. 30 நாளில் பதில் தர வேண்டும். கதவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சென்னையில் பழைய எண், புது எண் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இருக்கும், தெருப் பெயரே மாறியிருக்கும். பட்டியலில் 'இன்னார் இல்லம்' என்று பெயர் இருந்து சர்வே எண் இல்லாவிட்டால், அனுமதிப் பிரிவில் எண்ணைத் தட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தட்டுப்படாது. பட்டியலில் இருந்தும் வீடு போவது இப்படித்தான்.

அடுத்து வீட்டின் கோப்பு. நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புலப்படம், வில்லங்கச் சான்று. 1975க்குப் பிறகான வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். தாய்ப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது 'மெத்தை வீடு', 'ஓட்டு வீடு' என்று ஒரு சொல் வரும். வீடு எப்போது எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி குறைவு.

வரைபடம் 1:100 அளவில் போதும். தரைத்தளம், மாடி, தெருப்பக்க முகப்பு, முற்றத்தின் நடுவே வெட்டிய குறுக்குவெட்டுத் தோற்றம். குறுக்குவெட்டை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முற்றத்தின் உயரம், மச்சின் கனம், கூரைச் சாய்வு மூன்றையும் அது ஒன்றுதான் காட்டும். படங்கள் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். நீங்கள் வேண்டாம்.

வயதை நிறுவுவதில் எல்லாரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. மங்களூர் ஓட்டைத் திருப்பி, பாசல் மிஷன், 1865 என்ற முத்திரையைப் பார்த்ததும் வீட்டுக்கு நூற்றைம்பது வயது என்று எழுதிவிடுவார்கள். 1865 அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு எப்போது வேண்டுமானாலும் வார்த்ததாக இருக்கலாம், பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம். மனுவில் இந்த ஒரு பிழை இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் மீதி எல்லாவற்றையும் அதை வைத்தே கழுவிவிடுவார். இரும்பு உத்திரத்தில் 'டோர்மன் லாங்' போன்ற ஆலைப் பெயர் இருந்தால் படமெடுங்கள், ஆனால் அதுவும் துணைச் சாட்சிதான். பத்திரம், பழைய சொத்துவரிப் பதிவு, நிலைவாசலில் செதுக்கிய ஆண்டு. இந்த வரிசை முக்கியம்.

இனி உங்கள் கேள்விகள். எல்லாம் இன்பாக்ஸில் வந்துவிட்டன, சில வசவோடு.

"ஊரான் சொத்துல உனக்கென்ன உரிமை?" நியாயமான கேள்வி, இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பட்டியலில் ஏற்றினால் வீடு அரசுக்குப் போகாது. குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். "சுத்தி 100 மீட்டருக்கு யாரும் ஒண்ணும் கட்ட முடியாது" என்று பக்கத்து வீட்டாரைப் பயமுறுத்துகிறார்களே, அது மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்கான விதி, 2010 திருத்தத்தில் சட்டத்திலேயே ஏறியது. உள்ளூர்ப் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் காசு? அதை மழுப்ப மாட்டேன். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. மனையைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற தளப்பரப்புக் குறியீடு 2 என்றால் 4800 சதுர அடி எழுப்பலாம். திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு 2000 சதுர அடி தேறினால் அதிகம். மீதி 2800 சதுர அடியை ஊருக்காக விட்டுக்கொடு என்று ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் கேட்கிறோம். சும்மா கேட்டால் ஏன் கொடுப்பார்? மும்பையில் 1995இலேயே பாரம்பரியக் கட்டட விதி வந்துவிட்டது. கட்டட உரிமையை வேறு இடத்துக்கு மாற்றி விற்கும் வழியும் (டி.டி.ஆர்.) அங்கே உண்டு. இங்கே சாலை விரிவாக்கத்துக்கு நிலம் தருபவருக்கு அதே டி.டி.ஆர். கொடுக்கத் தெரிகிறது. அந்த 2800 சதுர அடியையும் அப்படி விற்க விடுங்கள், சொத்துவரியில் கழிவு கொடுங்கள், எத்தனை பேர் தாங்களாகவே மனுவோடு வருகிறார்கள் பாருங்கள். உரிமையாளரை வில்லனாக்கி எழுதிய பதிவுகளுக்கு ஆயிரம் லைக். இதை எழுதினால் பன்னிரண்டு.

"அது பாழடைஞ்சு விழுற வீடு, இடிக்காம?" இந்த வாதத்தை நான் நம்புவதில்லை, காரணம் சொல்கிறேன். மெட்ராஸ் டெரஸ் மச்சு எப்படிக் கட்டியது என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். தேக்குச் சட்டங்கள், மேலே மெல்லிய சிறு செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கிய வரிசை, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து குத்திய கனம், கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. மழைநீர்க் குழாய் அடைபடாதவரை அது நிற்கும். அடைபட்டால் தண்ணீர் தேங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் முனை முதலில் உளுக்கும். நடுக்கட்டை கிண்ணென்றிருக்க, முனை மட்டும் பொடியாகும். முனையை வெட்டி ஒட்டுப் போடலாம், சுவரோரம் தாங்கு உத்திரம் கொடுக்கலாம். அதைச் செய்யாமல் மேலே சிமெண்டைப் பூசுகிறார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு பூத்து, சுண்ணாம்புப் பூச்சையும் இழுத்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். அதைப் படமெடுத்து 'உறுதித்தன்மை இல்லை' என்று ஒரு சான்றிதழ். இன்னும் அவசரம் என்றால் தட்டோட்டை நாலு இடத்தில் பெயர்த்துவிட்டு இரண்டு ஐப்பசி மழைக்கு விட்டால் போதும், வீடு தானாகவே 'ஆபத்தான கட்டடம்' ஆகிவிடும். அந்த நோட்டீஸ் வந்தால் அலறாதீர்கள். இடிப்பது மட்டும்தான் வழி என்றில்லை. முட்டுக்கொடுத்துப் பழுதுபார்ப்பதும் வழிதான். சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த பொறியாளரின் இரண்டாவது அறிக்கையை அன்றே கொடுங்கள். கான்கிரீட் மட்டும் தெரிந்தவரிடம் போனால் அவரும் இடிக்கத்தான் சொல்வார்.

"அக்ரகாரத்துக்கு அழறியா? குடிசைகளை இடிச்சப்ப எங்க இருந்த?" இதற்கு என்ன சொல்ல? குடிசையை இடித்து மனிதரை ஊருக்கு வெளியே தூக்கி எறிவது வீடு இடிவதைவிடப் பெரிய அநியாயம், சந்தேகமே இல்லை. அதனால் இதைப் பேசக் கூடாது என்றால் எனக்குப் புரியவில்லை. பட்டியலில் அரசு அலுவலகமும் தேவாலயமும் கல்லூரியும்தான் தூக்கல், சாதாரண ஆட்கள் வாழ்ந்த வீடு குறைவு என்று சொல்லுங்கள், உங்களோடு நிற்கிறேன். வடசென்னையில் ஒரு பழைய வாசகசாலைக்கோ தொழிற்சங்க அலுவலகத்துக்கோ கோப்பு போடுங்கள், வரைபடத்தை நான் பார்த்துத் தருகிறேன். யாரும் கேட்டு வருவதில்லை. ஆனால் சாதி கேட்டு வருகிறார்கள்.

"பழசெல்லாம் காப்பாத்தணுமா?" வேண்டாம். அடுத்த கேள்வி.

கடைசியாக, "கதவு, தூணெல்லாம் ரிசார்ட்ல பத்திரமாத்தான் இருக்கு" என்று ஒருவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இந்த ஆறுதலின் விலை தெரியும். பர்மாத் தேக்குத் தூண்கள், பீங்கான் ஜாடிகள், யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படங்கள்கூட. ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது பேர், ஆளுக்கொரு தேசத்தில், பழுதுபார்க்கும் செலவில் யாருக்கும் ஒத்துவரவில்லை. தூணை விற்றுப் பங்கு போடுவதில் மட்டும் ஒரே வாரத்தில் ஒத்துவந்துவிடுகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டனவே என்று பெருமைப்படுகிறோம். உத்தேசப் பட்டியல் ஒரு தூணைக்கூடத் தடுக்காது. உள்ளூர்ப் பட்டியல்தான் தடுக்கும், அதுவும் இருந்தால்.

சனிக்கிழமை இடித்த வீட்டின் தெருவில் இன்னும் மூன்று வீடுகள் அதே காலத்தவை நிற்கின்றன. கூட்டம் எங்கே என்று கேட்ட நண்பருக்கு நேரமிருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், சர்வே எண் நான் தருகிறேன். நடு வீட்டின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று கிளைத்திருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வேரோடு பிடுங்காதீர்கள், சுவரும் சேர்ந்து வரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் காய்ந்த பிறகு விரிசலைத் திறந்து சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். சிமெண்ட் வேண்டாம்.