படிகாரம் போட்டால் உப்புத் தண்ணீர் மாறாது

“தொட்டியில் படிகாரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் போர் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. படிகாரம் கலங்கலைத்தான் அடியில் படியவைக்கும். நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்று சொல்லும் கடினத்தன்மையைத் தரும் கால்சியமும் மக்னீசியமும் கரைந்தபடியே இருக்கும். போதாததற்குச் சல்பேட்டும் சேரும். தண்ணீர் தெளிந்து தெரிவதுதான் ஆளை ஏமாற்றுகிறது. பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, டிடர்ஜென்ட் அல்லாத துணி சோப்பைச் சீவிப்போட்டுக் குலுக்குங்கள்: நுரை வராது, வெள்ளைத் திப்பிதான் மிதக்கும்.

கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி மட்டும் பிரியும். ஹீட்டர் காயிலில் ஒட்டும் பொருக்கு அதுதான். பிளக்கைக் கழற்றி, ஆறியபின், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

வீடு முழுக்க மென்னீர் வேண்டுமென்றால், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும், உப்புக் கரைசலால் புதுப்பிக்கும் ரெசின் சாஃப்ட்னர் வேண்டும். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர வரம்பு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600.