மஞ்சள் தாளில் எடை எங்கே?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தை எடைபோடும் இடத்தில் ரசீது எழுதுவது என் வேலை. ஒரு தடவை எழுதினால் மூன்று தாளில் விழ வேண்டும்: வெள்ளைத் தாள் ஆலைக்கு, இளஞ்சிவப்புத் தாள் எங்களுக்கு, அடியில் உள்ள மஞ்சள் தாள், பழம் கொண்டுவந்தவருக்கு. அந்த மஞ்சளில்தான் ஒன்றுமே தெரிவதில்லை!

கார்பன் தாள் இல்லாமலே நகல் விழும் இந்த வித்தை 1950களிலேயே வந்துவிட்டது. மேல் தாளின் அடியில், நிறமில்லாத சாயம் அடைத்த நுண்ணிய உறைகளைப் பூசியிருப்பார்கள். பேனா அழுத்தினால் அவை உடைந்து, கீழ்த்தாளின் பூச்சோடு சேர்ந்து எழுத்தாகும். அருமையான யோசனைதான். ஆனால் மட்டமான தாளை வாங்கிக் கொடுத்தால் நான் எவ்வளவுதான் அழுத்துவது? சாயங்காலம் விரல் விண்விண் என்று வலிக்கிறது.

நேற்று ஒரு பெரியவர் வந்து, "ஏம்மா, இது 1,340ஆ, 1,840ஆ?" என்று கேட்டார். லோரியின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்த சீட்டு. கிழிந்துவிடக் கூடாதென்று பேரன் செலோடேப் வேறு ஒட்டியிருந்தான். பசை பட்ட இடத்தில் இருந்த எழுத்தும் போச்சு. இளஞ்சிவப்பு நகலைத் தேடி எடுத்தேன்: 1,840. அவருக்கு 500 கிலோ சும்மாவா?

அப்புறம் அந்தத் தடுப்பு அட்டை. எழுதும் மூன்று தாளுக்கும் அடியில் அதை வைக்க மறந்தால் அடுத்த ரசீதிலும் எடை பதிந்துவிடும்.

நல்ல தாள் வாங்கித் தாருங்கள் என்று மூன்று மாதமாகக் கேட்கிறேன். இப்போதைக்கு மஞ்சள் தாளில் எடையை மட்டும் நானே பேனாவால் மறுபடி எழுதிக் கொடுக்கிறேன்.