எனக்குப் பிடித்தது மெக்கா ரோபோ, என் ஓட்டு கவசத்துக்கு

மெக்கா, அதாவது ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் 18 மீட்டர் உயர இயந்திர மனிதன் ஒன்று போர்க்களத்தில் கால் இடறி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் அதன் நெஞ்சுக்குள், ஏறக்குறைய 13 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தரையில் மோதும்போது அவர் போகும் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். எதிரி ஒரு குண்டுகூட வீணாக்க வேண்டாம், வழியில் ஒரு பள்ளம் தோண்டி வைத்தால் போதும்.

இதை நான் சந்தோஷமாக எழுதவில்லை. பள்ளி நாட்களில் என் நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் முழுக்க மெக்காக்கள்தான். ஆனாலும் "பவர் ஆர்மரா (மோட்டார் பலத்தோடு ஆள் உடுத்திக்கொள்ளும் கவச உடை), மெக்காவா, போர் என்று வந்தால் எது ஜெயிக்கும்?" என்ற சண்டை கிளம்பும்போதெல்லாம் ஆளாளுக்குப் பீரங்கி, லேசர், தகட்டின் தடிமன் என்றே பேசுகிறார்கள். பாதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கென்னவோ விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1.8 மீட்டர் உயரம், 70 கிலோ எடை உள்ள ஒரு மனிதரை அப்படியே 10 மடங்கு பெரிதாக்குங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வளர்வதால் எடை 1,000 மடங்காகிவிடும். அதாவது 70 டன். பாதத்தின் பரப்பு மட்டும் 100 மடங்கோடு நின்றுவிடும். ஆக, மண்ணின் மேல் விழும் அழுத்தம் 10 மடங்கு. நடக்கும்போது ஒரு கால் அந்தரத்தில் இருக்கும், முழுச் சுமையும் மற்ற காலில். உள்ளங்கால் 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ வருகிறது. அதே எடையுள்ள டாங்கி, அகலமான சங்கிலிப் பட்டைகளில் சுமையைப் பரப்பி 1 கிலோ சொச்சத்தோடு தப்பித்துக்கொள்கிறது. அதுவே சேற்றில் மாட்டிக்கொள்கிறது! மழை ஓய்ந்த புல்தரையில் ஹை ஹீல்ஸ் போட்டு நடந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கலிலியோ 1638-லேயே எலும்பின் படம் போட்டு இந்தக் கணக்கின் அடிப்படையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"லேசான உலோகம் வந்துவிட்டால்?" வரட்டும். அப்போது ஆறு மாடி உயரத்துக்கு ஒரு தகர டப்பா நிற்கும். நிஜ டாங்கிகளை இரண்டரை மீட்டர் உயரத்துக்குள் அடக்கப் பொறியாளர்கள் படாத பாடு படுவது சும்மா இல்லை. கண்ணில் பட்டால் அடி விழும். 'கண்டம்' (Gundam) என்ற ஜப்பானிய மெக்கா கார்ட்டூன் தொடரை 1979-ல் உருவாக்கியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் ரேடாரை முடக்கும் ஒரு துகளை முதலில் கற்பனை செய்துவிட்டு, அப்புறம் ரோபோக்களைக் கைகலப்புக்கு அனுப்பினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். 2020-ல் யோக்கோஹாமா துறைமுகத்தில் அதே கண்டம் ரோபோவை 18 மீட்டர் உயரத்தில், 25 டன் எடையில் நிஜமாகவே கட்டி அசைய வைத்தார்கள். வீடியோவில் பார்த்தபோது புல்லரித்தது. அதன் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

சரி, பவர் ஆர்மர் மட்டும் யோக்கியமா? 1960-களில் ஜெனரல் எலக்ட்ரிக் செய்த ஹார்டிமன், 680 கிலோவைத் தூக்குவதற்கென்று வடிவமைத்த உடை. அதன் சொந்த எடையே அந்த அளவு. கடைசியில் ஒரு கை மட்டும்தான் உருப்படியாக வேலை செய்தது. அமெரிக்கச் சிறப்புப் படைகள் 2013-ல் ஆரம்பித்த டாலோஸ் என்ற கவச உடைத் திட்டமும் முழு உடை எதையும் களத்துக்கு அனுப்பாமலேயே 2019-ல் முடிந்துபோனது. பெரிய தலைவலிகளில் ஒன்று மின்சாரம். நாள் முழுக்க ஓடும் பேட்டரியையும் அந்த உடைதானே சுமக்க வேண்டும்.

ஆனால் இதை ஒரு கதாசிரியர் ஒரே வரியில் தீர்த்துவிடலாம். முதுகில் உள்ளங்கையளவு அணு உலை என்று எழுதினால் நான் தலையாட்டிவிடுவேன். பத்து மாடி ரோபோ வயல்வெளியில் ஓடியது என்றால் மட்டும் மனசு கேட்பதில்லை. அதோடு, ஊரைப் பிடிப்பது என்பது கடைசியில் யாரோ ஒரு ஆள் படியேறிப்போய்க் கதவைத் தள்ளுவதுதான். மெக்காவால் அந்த வீட்டை இடிக்கலாம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடியாது.

நிலாவில் சண்டை என்றால் கொஞ்சம் இறங்கி வருவேன். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, பாதம் அவ்வளவாகப் புதையாது, விழுந்தாலும் வேகம் பூமியில் இருப்பதில் பாதியைவிடக் குறைவு. ஆனால் அங்கே போகிற எவரும் எப்படியும் ஒரு உடைக்குள்தான் இருந்தாக வேண்டும். அப்பல்லோ வீரர்கள் போட்டிருந்தது, முதுகுப்பையோடு சேர்த்து, பூமியில் சுமார் 90 கிலோ. அதில் மோட்டார் வைப்பது அடுத்த படிதான்.

நான் படிக்க ஆசைப்படும் கதையில் இரண்டுமே உண்டு. மெக்கா ஒன்று முழங்கால் வரை சேற்றில் இறங்கி நிற்கிறது. கவசம் போட்ட நாலு பேர் விடிவதற்குள் அதைத் தோண்டி எடுக்க வேண்டும். உள்ளே ஓட்டுபவர் பசியில் திட்டிக்கொண்டிருக்கிறார்.