கொட்டகையில் ஆடினால் என்ன குறைச்சல்?

தமிழில் மாடு கட்டுகிற இடமும் கொட்டகை, நாடகம் போடுகிற இடமும் கொட்டகை. ஏசி வந்து, டால்பி வந்து, மல்டிப்ளெக்ஸ் வந்த பிறகும் என் அப்பா சினிமாக் கொட்டகை என்றுதான் சொல்வார். அதனால் பழைய பண்ணையைக் கலைக்கூடம் ஆக்கப்போகிறேன் என்று யாராவது கிளம்பினால் எனக்கு அது அதிசயமாகப் படுவதில்லை. போன வாரம் ஒரு நண்பர் அப்படி ஒரு வரைபடம் அனுப்பினார். தாத்தா காலத்துப் பண்ணை. முதலில் கண்ணில் பட்டது 40 கார் நிறுத்த இடம். அடுத்தது காபி ஷாப். மேடையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெர்க்‌ஷயர் மலைப்பக்கம், பெக்கெட் என்று ஒரு சிற்றூர். 1790ல் கார்ட்டர் குடும்பம் அங்கே குடியேறிப் பண்ணை வைத்தது. மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியதால் அதற்கு பைபிளில் வரும் யாக்கோபின் ஏணி என்று பெயர். பண்ணையில் தலையணை போல ஒரு பாறை வேறு கிடந்தது. யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் ஆயிற்றே, அந்த இடம் ஜேக்கப்ஸ் பில்லோ, அதாவது யாக்கோபின் தலையணை, ஆகிவிட்டது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வடக்கே போனவர்களை ஒளித்துவைத்து அனுப்பிய இடங்களில் இதுவும் ஒன்று.

1931ல் டெட் ஷான் என்ற நடனக்காரர் இதை வாங்கினார். பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்தவர். தொண்டை அடைப்பான் வந்து உடம்பு செயலிழந்துபோக, தேறுவதற்காக நடனம் கற்கப்போய் அதிலேயே தங்கிவிட்டார். ஆண்பிள்ளை ஆடினால் ஊரே சிரிக்கும் காலத்தில், 1933ல், ஆண்கள் மட்டுமே உள்ள குழு ஒன்றைத் தொடங்கினார். ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் உடற்பயிற்சி படித்த பையன்களும் அதில் இருந்தார்கள். ஆடுவார்கள், அப்புறம் விறகு வெட்டுவார்கள், கல் சுமப்பார்கள், குடில் கட்டுவார்கள். கொட்டகைதான் ஒத்திகைக் கூடம். பொருளாதாரப் பெருமந்தக் காலம், கையில் காசில்லை. அந்த ஜூலையில் கொட்டகையிலேயே ஜனங்களுக்கு ஆடிக்காட்டினார்கள். தேநீரோடு சேர்த்துக் கட்டணம் 75 சென்ட். கோப்பையைக் கொண்டுவந்து நீட்டியவர்களும் ஆடப்போகிறவர்களேதான்.

சொந்த அரங்கம் வந்தது 1942ல். ஒன்பது வருடம் கழித்து! நடுவில் கடன் முற்றிப் பண்ணையே கைவிட்டுப் போக இருந்தது. ஆதரவாளர்கள் 50,000 டாலர் திரட்டி இடத்தையும் மீட்டு அரங்கத்தையும் எழுப்பினார்கள். அமெரிக்காவில் நடனத்துக்கென்றே கட்டிய முதல் அரங்கம் அது. போர்க்காலம், பெட்ரோல் ரேஷன். ஜனங்கள் மலையேறி நடந்தே வந்து பார்த்தார்கள். (நண்பரின் 40 கார் எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது.) அந்தக் கூரை உச்சியில் காற்று திசைகாட்டி ஒன்று உண்டு. பண்ணை வீடுகளில் வழக்கமாகச் சேவல் இருக்கும் இடத்தில், துள்ளி எழும் ஓர் ஆண் நடனக்காரரின் உருவம். ஷானின் குழுவில் ஆடிய பார்ட்டன் முமாவ்தான் அது. நான் நேரில் பார்த்ததில்லை. படத்தில் பார்த்தே பலமுறை ரசித்திருக்கிறேன்.

ஷானை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. 1926ல், ஆசியப் பயணத்தின்போது, திருவாசி வளையத்துக்குள் காலைத் தூக்கி நின்று சிவ தாண்டவம் என்று ஒன்றை ஆடியவர். இன்று அந்தப் படங்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது. ஆனால் 1962ல் அதே பண்ணை மேடையில் வந்து நின்றவர் பரதநாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. ஏழு வயதில் காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலில் அரங்கேறியவர். அவர் பிறந்த தேவதாசி மரபைக் கோயிலிலிருந்து 1947ல் சட்டம் போட்டு வெளியேற்றினோம். அதற்கு முன்பே, அந்த ஆட்டத்தைச் 'சுத்தப்படுத்தி' நல்ல குடும்பத்துக்கு ஏற்றதாக்குகிறோம் என்று சபாக்களில் ஆரம்பித்தாயிற்று. அந்த அம்மாவை, 70 வயது ஷான், வைக்கோல் வாசம் போன ஒரு பண்ணையில் மரியாதையோடு ஆட வைத்தார். எனக்கு இது உறுத்துகிறது. உறுத்தட்டும்.

பண்ணையாக இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது என்பது என் கட்சி. நகரத்து அரங்கம் என்றால் வாடகை, வாடகை என்றால் டிக்கெட், டிக்கெட் என்றால் யார் முகம் சுளிப்பார்களோ என்ற கவலை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு கொட்டகை இருந்தால் அசடு வழியலாம், தோற்கலாம், அடுத்த வாரம் மறுபடி ஆடலாம். 2020 நவம்பரில் அங்கிருந்த இரண்டாவது அரங்கமான டோரிஸ் டியூக் எரிந்தே போனது. 2025ல் டிஜிட்டல் வசதிகளோடு புதிதாகக் கட்டித் திறந்தார்கள். பழைய கொட்டகைப் பித்தனான எனக்கே அதில் குறை சொல்ல வாய் வரவில்லை. 90 வருடம் ஆடிவிட்டுக் கட்டுகிறார்கள், கட்டட்டும்.

நண்பருக்குக் கடைசியில் போனிலேயே சொன்னேன்: வரைபடத்தைச் சுருட்டி வை. கொட்டகையைக் கூட்டு. ஞாயிற்றுக்கிழமை யாரையாவது கூப்பிட்டு ஆடச்சொல், வருகிறவர்களுக்கு நீயே டீ போட்டுக் கொடு. "சிமெண்ட் தரையாச்சே, பரவாயில்லையா?" என்றார். முதல்முறையாகச் சரியான கேள்வி! ஆடுகிறவர்கள் முட்டி போய்விடும், காபி ஷாப் காசில் பலகைத் தரை போடு என்றேன்.