பொறுமையாகப் பேசுகிறவன் திருடனாகத்தான் இருக்க வேண்டுமா?

பாஸ்வேர்டு சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் நான் நான்தானா என்று மெயிலுக்குச் சந்தேகம். உறுதிசெய்ய ஒரு கோடு நம்பர் அனுப்பியிருக்கிறதாம். எங்கே? நான் எப்போதோ தலைமுழுகிய சிம்முக்கு. “வேறு வழியில் முயல்க” என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால், கோடு உங்கள் மெயிலுக்கே வந்திருக்கிறது, திறந்து பாருங்கள் என்கிறது. திறக்க முடியவில்லை என்பதுதானே ஐயா புகாரே!

மனிதர் யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், இலவச மெயிலுக்கு போன் நம்பரே கிடையாது. ஒரு உதவிப் பக்கம் இன்னொரு உதவிப் பக்கத்துக்கு அனுப்பும், அது திரும்ப இங்கேயே அனுப்பும். தேடினால் மட்டும் “24 மணி நேர கஸ்டமர் கேர்” என்று ஒரு பத்து இலக்க மொபைல் நம்பர் ஜம்மென்று மேலே உட்கார்ந்திருக்கிறது. உலகம் முழுக்க ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனி, புகார் கேட்க ப்ரீபெய்டு சிம்மா வைத்திருக்கும்? தெரிந்தேதான் அடித்தேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்தான். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லவில்லை, காத்திருப்பு இசை போடவில்லை. “சொல்லுங்க மேடம், கவலைப்படாதீங்க மேடம்.” முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டான். எங்கள் வீட்டில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் ஆரம்பித்தான். லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கணுமாம். “ஈ ஃபார் எலிஃபன்ட், வி ஃபார் விக்டரி” என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, ஈவென்ட் வியூவர் என்கிற விண்டோஸ் பதிவேட்டைத் திறக்க வைத்தான். “சிவப்பு வட்டம் தெரியுதா மேடம்? எவ்வளவு இருக்குன்னு எண்ணுங்க.” எண்ணச் சொல்கிறான்! “அத்தனையும் ஹேக்கர் வந்துபோன தடம் மேடம்.” பிரின்டர் பதில் சொல்லவில்லை, ஏதோ சர்வீஸ் தொடங்கவில்லை என்று விண்டோஸ் தன் பாட்டுக்கு எழுதிவைக்கிற குறிப்பு அது. நேற்று வாங்கிய லேப்டாப்பிலும் இருக்கும்.

“என் மெயில் திறக்காததற்கும் இதற்கும் என்ன தம்பி சம்பந்தம்?”

“எல்லாமே கனெக்டட் மேடம்.”

அடேங்கப்பா, வேதாந்தம்.

“இப்ப போன்ல ஒரு ஆப் இறக்குங்க. 9 இலக்க நம்பர் ஒண்ணு வரும், அதை மட்டும் சொல்லுங்க. ஓடிபி எல்லாம் யாருக்கும் சொல்லிடாதீங்க மேடம், ஏமாத்திடுவாங்க.” என்ன ஒரு அக்கறை! இந்த 9 இலக்க வித்தையைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தாயிற்று. நம்பரைச் சொல்லி, கேட்கிற அனுமதியையும் கொடுத்துவிட்டால் போன் திரை அவன் கண்ணுக்கு முன்னால். வருகிற ஓடிபியை அவனே படித்துக்கொள்வான், என்னிடம் எதற்குக் கேட்கப்போகிறான்?

எம்ப்ளாயி ஐடி கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றைச் சொன்னான். மறுபடி கேட்டேன், வேறொன்றைச் சொன்னான். கட் பண்ணினேன்.

சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்குப் போட்டால், அது பணம் பறிகொடுத்தவர்களுக்கான நம்பர். எனக்குப் பணம் போகவில்லை, போனது மெயில்தான். அதற்கு எந்த நம்பரில் அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனே திரும்ப அழைத்தான். “என்ன மேடம், லைன் கட்டாயிடுச்சு? உங்க கம்ப்ளைன்ட் இன்னும் ஓப்பன்லதான் இருக்கு.”

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னதற்கு எங்கள் பிளம்பர், “கிளம்பிட்டேன்கா, வண்டியிலதான் இருக்கேன்” என்றார் போன வாரம். இன்னும் வண்டியிலேயேதான் இருக்கிறார்.