அங்கே மல்லிகை மணக்க வேண்டுமாம்!

நேற்று வேலை முடிந்து வரும் வழியில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். வாங்க வேண்டியது ஒரு பொட்டலம் நாப்கின், அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அலமாரியே முளைத்திருக்கிறது. பெண்களின் ‘அந்தரங்கத் தூய்மை’க்கான கழுவும் திரவங்களாம். ரோஜா, மல்லிகை, பச்சைத் தேயிலை, வெற்றிலை. ஆமாம், வெற்றிலை! பாக்கும் சுண்ணாம்பும்தான் பாக்கி. ஒரு புட்டியில் ‘வெண்மையாக்கும்’ என்று வேறு போட்டிருந்தது. அங்கே வெளுத்து யாருக்குக் காட்டப் போகிறோம்?

“அக்கா, நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்குத் தினமும் இரண்டு வேளை போட வேண்டும், இல்லாவிட்டால் வாடை வரும்” என்றாள் விற்பனைப் பெண். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன வருடம் இதே வார்த்தையை நம்பி ஒரு மாதம் அதைப் போட்டுக் கழுவிய முட்டாள் நான்தான்.

மூன்றாவது வாரத்தில் அரிப்பு தொடங்கியது. அலுவலகக் கூட்டத்தில் உட்கார முடியவில்லை, எழவும் முடியவில்லை. அழுக்குதான் காரணம் என்று நினைத்து இன்னும் அதிகமாகப் போட்டேன். அரிப்பும் கூடியது. கடைசியில் கிளினிக்குக்குப் போனால், முகப்பில் இருந்தவர் “என்ன பிரச்சினை?” என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். பின்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். “வயிற்று வலி” என்றேன். வேறு என்ன சொல்வது?

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்?” என்பதுதான். யோனி இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 3.8 முதல் 4.5 வரை. அதைக் காப்பாற்றுவது லாக்டோபேசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியா. பாலைத் தயிராக்குகிறதே, அந்த பாக்டீரியாவின் உறவுக்காரர்கள்தான். சாதாரண சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும், அதாவது காரம். உறை ஊற்றிய பாலில் சோப்புத் தண்ணீரைக் கொட்டினால் தயிர் கிடைக்குமா? உள்ளே எதையும் விட்டுக் கழுவவே கூடாது. வெளியே வெறும் தண்ணீர் போதும். வெறும் தண்ணீர்! குழாயைத் திறந்தால் வருவதற்கு மாற்றாக நான் 16 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பது வயது வரை ஒருவரும் சொல்லவில்லையே! அம்மா மாதவிலக்கின்போது எதைத் தொடக்கூடாது என்று ஒரு பெரிய பட்டியலே சொல்லிக்கொடுத்தார். குளிக்கும் வாளியில் இரண்டு மூடி கிருமிநாசினி ஊற்றினார். வெள்ளைப்பட்டால் “உடம்புச் சூடு, இளநீர் குடி” என்றார். மாதச் சுழற்சிக்கு ஏற்பக் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்பு. தயிர்த் திப்பிபோல் வந்தாலோ, சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அந்த வாடையை மல்லிகையால் மூடினால் நோய் தெரியாமல் உள்ளேயே இருக்கும். மல்லிகைக்காரர்களுக்கு என்ன கவலை?

இதில் வரி வேறு. 2024 முதல் இங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரி (ஜிஎஸ்டி). வெட்டிச் செலவான அந்தப் புட்டிக்கும் அதே 9, இல்லாமல் முடியாத நாப்கினுக்கும் அதே 9. இந்தியாவில் நாப்கினுக்கான ஜிஎஸ்டியை 2018-லேயே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் உள்ளே ஓர் இலவச மாதிரிப் பொட்டலம். எப்போது போட்டாளோ! பதின்மூன்று வயது மகள் அதை எடுத்து முகர்ந்து பார்த்து, “அம்மா, இது எதற்கு?” என்றாள். ‘அந்த இடம்’, ‘அங்கே’ என்று மழுப்பாமல், யோனி என்றே சொல்லி விளக்க ஆரம்பித்தேன். கூடத்தில் இருந்தவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.