கரண்ட் வைப்பது மட்டும் பிசியோதெரபி இல்லை

முழங்கால் தேய்மானத்துக்கு மாத்திரையைவிடப் பயிற்சிதான் முக்கியம் என்று பிசியோதெரபி பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் சொன்னது சரி. ஆனால் முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று பீடி சுற்றும் எங்கள் பக்கத்து ஊர்களில் முழங்காலுக்கு முன்னால் கழுத்தும் தோளும்தான் போகும். மடியில் தட்டை வைத்து மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் பிடரித் தசைக்கு ஓய்வு ஏது? ராத்திரி ஒரு வலி மாத்திரை, காலையில் மறுபடி தட்டு.

பிசியோதெரபி என்றாலே இங்கே "கரண்ட் வைக்கிறது", அதாவது வலிக்கிற இடத்தில் மெஷினால் லேசாக மின்சாரம் கொடுப்பது என்றுதான் பேச்சு. கரண்டும் ஒத்தடமும் வலியைக் கொஞ்ச நேரம் அமர்த்தும், அவ்வளவுதான். தாடையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது, தோள்பட்டைகளைப் பின்பக்கம் சேர்ப்பது, அரைமணிக்கொரு தடவை எழுந்து நிமிர்வது எல்லாம் காசில்லாத வேலை, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. (மெஷின் பெருசா இருந்தாத்தான் வைத்தியம்னு நம்ம ஆட்களுக்கு நினைப்பு.)

சுகர் இருக்கிறவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். எங்கள் ஆச்சிக்குக் கை தலைக்கு மேலே போகவில்லை. "வலிக்குதுல்லா, அசைக்காத" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்ல, மூட்டு இன்னும் இறுகியது. பிசியோதெரபிஸ்ட் சுவரில் விரலால் மெதுவாக ஏறச் சொன்னார். மாசக்கணக்கில் பிடித்தது, இப்போது ஆச்சியே கொண்டை போடுகிறாள்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு, 2021-ல் வந்த தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டிலேயே கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ பயிற்சிக்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.